எட்டாவது நாள்

வாரத்துக்கு நாள் ஏழு. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் சுவர் மணிக்கூட்டுக்கோ 'எட்டு நாள் மணிக்கூடு' என்று பெயர். பாடசாலை, தபாற் கந்தோர், புகையிரத நிலையம் என்று எங்கு சென்றாலும் அதன் வெண்முகத்தை அண்ணாந்து பார்த்தே நாட்களைக் கழித்த தலைமுறை ஒன்று நம்மிடையே இன்னும் இருக்கின்றது. அந்த எட்டாவது நாள் எதற்கு என்று அவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பர்? ஞாயிறுதோறும் சாவி கொடுப்பவர் ஒரு ஞாயிறு மறந்துவிட்டாலும் திங்கள் வரை மணிக்கூடு நின்றுபோகாது என்பது உடனே தோன்றும் விடை. அது பிழையன்று, ஆனால் பாதி விடையே. மற்றப் பாதி மணிக்கூட்டின் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கின்றது.

அதை விரித்துப் பார்க்க நானுஓயாவை விடப் பொருத்தமான இடம் அரிது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 207 கிலோமீற்றர் தொலைவில், கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீற்றருக்கும் சற்று உயரத்தில் இருக்கும் இந்த நிலையத்துக்கு 1885ஆம் ஆண்டில் தண்டவாளம் வந்து சேர்ந்தது. 1893ஆம் ஆண்டில் அப்புத்தளை வரை பாதை நீளும் வரை, எட்டு ஆண்டுகள், மலைநாட்டுப் புகையிரதத்தின் கடைசி நிலையம் இதுவே. பின்னர் இங்கிருந்து நுவரெலியாவுக்கும் இராகலைக்கும் ஒரு குறுகிய பாதை பிரிந்து சென்றது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறந்த அப்பாதை 1940களில் மறைந்தொழிந்தது. புகையிரதம் ஓரிடத்துக்கு வருகிறதென்றால் அரிசி மூட்டையும் தேயிலைப் பெட்டியும் மட்டும் வருவதில்லை. நிமிடமும் கூடவே வந்து இறங்குகின்றது. அதற்கு முன் இந்த மலைகளில் காலை, மாலை, பொழுதுசாய்தல் என்பவை இருந்தன. 7.42 என்பது இருந்ததில்லை.

சாவி கொடுத்து ஓடும் மணிக்கூடு, சுவரில் தொங்கினாலும் சரி, மணிக்கட்டில் கிடந்தாலும் சரி, ஒரே வழியில் உயிர் பிடித்திருக்கின்றது. ஒரு சிறு பீப்பாய்க்குள் நீண்ட எஃகு நாடா ஒன்று சுருள்வில்லாகக் கிடக்கின்றது. நாம் திருகைத் திருப்புகின்றபோது அச்சுருள் இறுகுகின்றது. இறுகிய வில் விரிய விரும்புகின்றது. அந்த விருப்பத்தைப் பற்சக்கரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, கடைசியில் இடமும் வலமும் ஆடுகின்ற ஊசலுக்கோ ஊசற்சக்கரத்துக்கோ துளித்துளியாகக் கொடுக்கின்றன. முற்றாக இறுக்கிய வில், மேலும் சாவி கொடுக்காமல் எத்தனை மணி நேரம் மணிக்கூட்டை ஓட்டுமோ அந்த அளவையே 'விசையிருப்பு' என்று இங்கே குறிக்கிறேன். பிரெஞ்சு மொழியில் இதற்கு 'நடையின் சேமிப்பு' என்று பொருள்படும் பெயர் உண்டு. நல்ல பெயர். நடந்து தீர்ப்பதற்காகச் சேர்த்து வைத்தது என்ற குறிப்பு அதில் இருக்கின்றது.

மலையகத்தாருக்குச் சேமிப்பு என்றதும் நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, தலவாக்கலையில் புகையிரதத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகின்ற மேல் கொத்மலை ஆகியவை எல்லாம் மழையை மடியில் கட்டிவைத்து மின்சாரமாகச் செலவிடும் இடங்கள். தேக்கம் நிரம்பியிருக்கும்போது நீரின் அழுத்தம் மிகுதி. நீர் தாழத் தாழ அழுத்தமும் தாழும். சுருள்வில்லும் அப்படித்தான். காலையில் முழுச் சாவி கொடுத்த வில் கொடுக்கின்ற உந்து வேறு. மறுநாள் மாலையில் பாதி விரிந்த வில் கொடுக்கின்ற உந்து வேறு. இன்னொரு பொருத்தமும் உண்டு. நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கின்ற கடைசி நீரைப் பொறியியலாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது இருக்கின்றது, ஆனால் எடுத்துக்கொள்வதற்கன்று.

நீர்த்தேக்கத்துக்கும் மணிக்கூட்டுக்கும் இருந்த உறவு உவமையளவில் நின்றுவிடவுமில்லை. 1996ஆம் ஆண்டில் மழை பொய்த்து, தேக்கங்கள் வற்றி, நாடு மின்வெட்டில் தவித்தது. மாலை வெளிச்சத்தை மிச்சப்படுத்தலாம் என்று அவ்வாண்டு மே 25ஆம் நாள் இலங்கையின் மணிக்கூடுகள் அனைத்தும் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டன. அக்டோபர் 26ஆம் நாள் அதில் அரை மணி திருப்பிக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு வரை நம்மிடம் திரும்பவில்லை. மலைமேல் நீரின் இருப்புக் குறைந்ததனால் ஒரு நாட்டின் முட்களே பத்தாண்டுக் காலம் இடம்மாறி நின்றன.

மீண்டும் மணிக்கட்டுக்கு வருவோம். கடையில் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக் காட்டி, 'இது நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடும், ஐயா' என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது உண்மை. திங்கள் காலை ஏழு மணிக்கு முழுச் சாவி கொடுத்தால் புதன் காலை ஏழு மணியளவில் நிற்கும். ஆனால் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஊசற்சக்கரத்தின் வீச்சில் இருக்கின்றது. நல்ல நிலையிலுள்ள கடிகாரம் முழுச் சாவியோடு மேசைமேல் மல்லாந்து கிடக்கும்போது, அச்சக்கரம் நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 270 பாகை முதல் 300 பாகை வரை சுழன்று திரும்பும். ஒரு நாள் கழிந்தபின் வீச்சுக் குறைந்திருக்கும். இருப்பின் இறுதியில் மேலும் ஒடுங்கும். வீச்சு அகலமாக இருக்கும்போது கையை எப்படி ஆட்டினாலும், கடிகாரம் நின்றாலும் கிடந்தாலும், அதன் நடை அதிகம் மாறுவதில்லை. வீச்சு ஒடுங்கியதும் ஒவ்வொரு சிறு குறையும் பெரிதாகித் தெரிகின்றது. சக்கரத்தின் எடை ஒரு பக்கம் இம்மியளவு கூடியிருந்தால் அதுவும் தெரியும். எண்ணெய் தடித்திருந்தால் அதுவும் தெரியும். ஒரு நிலையில் முந்தும், மறு நிலையில் பிந்தும். நிற்கப்போகும் கடிகாரம் 'நான் நிற்கப்போகிறேன்' என்று சொல்வதில்லை. சில மணி நேரம் பொய் சொல்லிவிட்டுத்தான் நிற்கின்றது.

பழைய கைவினைஞர் இதை நன்கறிந்திருந்தனர். ஆங்கிலேயரின் நல்ல சுவர் மணிக்கூடுகளில் பியூசி என்ற கூம்பு வடிவ உருளை ஒன்று உண்டு. வில் வலுவாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய நுனியை இழுக்கும். வில் தளரும்போது அகன்ற அடியை இழுக்கும். கிணற்றில் வாளி இழுக்கின்றவருக்குச் சிறு உருளையும் பெரிய உருளையும் தரும் வேறுபாடு தெரியும், அதே தந்திரம். சட்டைப்பை மணிக்கூடுகள் சிலவற்றில் இதனினும் துணிந்த வழியொன்று கையாளப்பட்டது. மால்டாச் சிலுவை வடிவில் ஒரு சிறு பற்சக்கரத்தைப் பீப்பாயின்மேல் பொருத்தி, வில்லின் உச்ச முறுக்கையும் அடிமட்ட முறுக்கையும் பயன்படாதபடி பூட்டிவிட்டனர். நடுவிலுள்ள சீரான சில சுற்றுகளுக்கே ஓட அனுமதி. இன்னும் பல மணி நேரம் ஓடக்கூடிய மணிக்கூட்டை, ஓடாதே என்று தடுத்தனர். விளம்பரக்காரர் இக்காலத்தில் அப்படிச் செய்வாரா என்பது ஐயமே.

கடலோடிகளின் குரோனோமீற்றர் இதற்கு மிகத் தெளிந்த சான்று. நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கின்றது என்று அறிய வேண்டுமானால் துறைமுக நேரம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். நான்கு வினாடி பிழைத்தால் பூமத்திய ரேகையில் ஒரு கடல்மைல் பிழை. 'இரண்டு நாள் குரோனோமீற்றர்' எனப்பட்ட கருவி ஏறத்தாழ 56 மணி நேரம் ஓடும். ஆயினும் அதற்கு நாள்தோறும், அதே வேளையில், சாவி கொடுப்பது கப்பல் ஒழுங்கு. முகப்பில் ஒரு சிறிய முள், கடைசியாகச் சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் காட்டிக்கொண்டிருக்கும். இன்று விலையுயர்ந்த கைக்கடிகாரங்களில் அழகுக்காகவும் வைக்கப்படுகின்ற விசையிருப்புக் காட்டியின் மூதாதை அதுவே. 56 மணி நேரத்தில் 24 மணி நேரத்தையே செலவிட்டு, 32 மணி நேரத்தைத் தொடாமல் வைத்திருந்தனர் அம்மாலுமிகள். கஞ்சத்தனமன்று. தொடாத அந்த 32 மணி நேரமே, தொட்ட 24 மணி நேரத்தை மெய்யாக வைத்தது. எட்டு நாள் மணிக்கூட்டின் எட்டாவது நாளுக்கும் இதுவே மற்றப் பாதி விடை.

இனிக் குரோனோகிராப். கைக்கடிகாரத்தோடு ஓட்டநேரம் அளக்கும் கருவியையும் ஒரே கூட்டுக்குள் சேர்த்தால் அது குரோனோகிராப். கிரேக்க மொழியில் 'காலத்தை எழுதுவது' என்று பொருள். அந்தப் பெயர் வெறும் அலங்காரமன்று. நிக்கொலா ரியுசெக் என்ற பிரெஞ்சுக்காரர் 1821ஆம் ஆண்டில் பாரிஸ் குதிரைப் பந்தயத்தில் பயன்படுத்திய கருவி, ஒவ்வொரு குதிரை எல்லையைக் கடக்கும்போதும் மையால் ஒரு புள்ளியை உண்மையாகவே எழுதிற்று. அவருக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1816இல், லூயி முவானே என்பவர் விண்மீன்களை நோக்குவதற்கென்று இதையொத்த கருவியொன்றைச் செய்திருந்தார் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. விண்மீன் முந்தியதா, குதிரை முந்தியதா என்ற வழக்கை அறிஞரிடம் விடுவோம். நானுஓயாவிலிருந்து மேலேறிச் சென்றால் நுவரெலியாவில் நூறாண்டுக்கு முன்பே அமைந்த பந்தயத் திடல் இருக்கின்றது. ஏப்ரல் மாத வசந்த விழாவில் அங்கே கூடுகின்ற கூட்டத்தில் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்போல ஒரு குரோனோகிராப் மகிழ்ந்திருக்கும்.

இக்கருவியில் நடுவிலுள்ள நீண்ட வினாடி முள் சும்மா நிற்கின்றது. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொரு பொத்தான் அதைப் பன்னிரண்டுக்குத் திரும்ப அனுப்பும். நம் வினாவுக்கு வேண்டியது, அந்த முள் எங்கிருந்து சாப்பிடுகின்றது என்பதுதான். அதற்குத் தனி வில் கிடையாது. சாதாரண முட்களுக்கு உணவளிக்கும் அதே பீப்பாயிலிருந்துதான் அதுவும் உண்ண வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஓர் இணைப்புச் சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்தோடு பல்லுக்குப் பல் கோத்துக்கொள்கின்றது. நடுமுள் நடுங்காதிருக்க ஒரு மெல்லிய வில் அதன் அச்சை அழுத்திக்கொண்டேயிருக்கும். அந்த உராய்வுக்கும் பீப்பாய்தான் விலை கொடுக்க வேண்டும். நிமிட எண்ணியை ஒவ்வொரு நிமிடமும் ஒரு பல் தள்ளுவதற்கும் அப்படியே. வால்ஜு 72 போன்ற பழைய இயந்திரங்களில் மணி எண்ணி நேராகப் பீப்பாயிலிருந்தே இழுத்துக்கொள்ளும். இவ்வளவு பேரும் பந்தியில் அமர்ந்ததும் ஊசற்சக்கரத்தின் வீச்சு கண்ணுக்குத் தெரிய இறங்குகின்றது. ஓயாது ஓடவிட்டால் பல இயந்திரங்களில் விசையிருப்புச் சில மணி நேரம் குறைந்துவிடுகின்றது.

ஆகவே குரோனோகிராப் அணிபவர் விசையிருப்பைப் பற்றி இரட்டைக் கவனம் கொள்ள வேண்டியவர். அவர் ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கை அளக்க விரும்புகின்றார். அளக்கின்ற அந்தச் செயலே, அளவுக்கு ஆதாரமான வீச்சைக் குறைக்கின்றது. நிரம்பிய வில்லோடு தொடங்கினால் அக்குறைவை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். முப்பது மணி நேரம் ஓடிக் களைத்த வில்லோடு தொடங்கினால் தாங்காது. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த தானியங்கிக் குரோனோகிராப்களுள் சைக்கோ நிறுவனத்தின் இயந்திரம் பக்கவாட்டு இணைப்புக்குப் பதிலாக மேலும் கீழும் அழுந்தும் இணைப்பைக் கையாண்டது. அவ்வகையில் முள் ஓடினாலும் நின்றாலும் சுமை பெரிதும் மாறுவதில்லை. கையால் சாவி கொடுக்கும் பழைய வகைக்கோ அந்த வசதி இல்லை. அதைக் குறை என்று நான் கருதவில்லை. எதைக் கேட்டால் எது செலவாகும் என்பதை அது மறைப்பதில்லை.

ஊசற்சக்கரத்தின் வேகமும் செலவைத் தீர்மானிக்கின்றது. பழைய இயந்திரங்கள் மணிக்கு 18,000 முறை துடிக்கும். வினாடிக்கு ஐந்து, நாளொன்றுக்கு 4,32,000. இக்காலத்தவை பல 28,800 முறை துடிக்கின்றன. 1969இல் வந்த செனித் எல் பிரிமேரோ 36,000 முறை துடித்து வினாடியைப் பத்தாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் உந்து வேண்டும். நுணுக்கமாக அளக்க விரும்பினால் விரைவாகத் துடிக்க வேண்டும்; விரைவாகத் துடித்தால் சேமிப்பு விரைவில் தீரும். இரண்டையும் ஒருங்கே பெறுவதற்காகத்தான் பொறியியலாளர் வில்லின் உலோகத்தையும் பீப்பாயின் வடிவையும் ஓயாது மாற்றிக்கொண்டிருக்கின்றனர்.

குரோனோகிராப்பை மலைநாட்டுப் புகையிரதத்தில் சோதித்துப் பார்ப்பது ஓர் இன்பம். அதன் விளிம்பில் 'டக்கிமீற்றர்' என்ற அளவுகோல் இருக்கும். ஒரு கிலோமீற்றர்க் கல்லில் முள்ளை ஓடவிட்டு அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண்ணே மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற வேகம். ஆனால் இவ்வளவுகோல் பெரும்பாலும் 60 என்ற எண்ணோடு முடிந்துவிடுகின்றது. அறுபது வினாடிக்குள் ஒரு கிலோமீற்றர் போகாத வாகனத்தை அதை வகுத்த சுவிற்சர்லாந்துக்காரர் கருத்திற் கொள்ளவில்லை. அட்டனிலிருந்து நானுஓயா வரையுள்ள முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றரைக் கடக்க நம் வண்டி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுக்கும். நாற்பத்து நாலடிக்கு ஓரடி ஏறுகின்ற பாதையில் வேறென்ன செய்யும்? அட்டனைத் தாண்டியதும் வருகின்ற சிங்கமலைச் சுரங்கத்தின் இருளில் முள்ளை ஓடவிட்டு, வெளிச்சத்தில் நிறுத்தலாம். கிரேட் வெஸ்டர்ன் மலையடியில் கல்லுக்குக் கல் அளந்தால் முள் இரண்டு சுற்று, மூன்று சுற்று வந்துவிடும். அப்போது 3,600ஐ வினாடிகளால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாணவருக்கு இதைவிடச் சிறந்த கணக்கு வகுப்பு எங்கே கிடைக்கும்?

புகையிரதமும் களைத்த மணிக்கூடும் சந்தித்தால் நேர்வது என்ன என்பதற்கு அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊர் பெயர்பெற்றது. 1891ஆம் ஆண்டு ஏப்ரலில் அங்கே இரு வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். பணியாளர் ஒருவரின் மணிக்கூடு நான்கு நிமிடம் நின்று பின் தானே ஓடத் தொடங்கியதே காரணம் என்று சொல்லப்படுகின்றது. அதன்பின் வெப் போல் என்ற மணிக்கூட்டு வல்லுநர் புகையிரதப் பணியாளரின் மணிக்கூடுகளுக்கு வகுத்த விதிகள் கடுமையானவை. வாரத்துக்கு முப்பது வினாடிக்கு மேல் முந்தவோ பிந்தவோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று. நம் மலைப்பாதை ஒற்றைப் பாதையாயினும், ஒருவரின் சட்டைப்பை மணிக்கூட்டை நம்பி வண்டி விடுவதில்லை. இரு நிலையங்களுக்கிடையே உள்ள பாதைக்கு உரிய வட்டத் தகடு கையில் கிடைத்தாலன்றிச் சாரதி வண்டியை எடுக்க முடியாது. ஒரு தகடு வெளியே இருக்கும்வரை மற்றொன்றைப் பொறி வெளிவிடாது. நிலையத்தின் இருபுறத்திலும் அந்த வளையம் கைமாறுவதைப் பார்த்து வளராத மலையகச் சிறுவன் இல்லை. ஆக, மணிக்கூடு தவறினால் இங்கு உயிர் போகாது. தவறிய மணிக்கூட்டால் இம்மலைகளில் போனது வேறு.

அது கூலி. மணிக்கூடு மலையகத்தில் நெடுங்காலம் ஒரு பக்கத்தாரின் உடைமையாகவே இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு நேரம் காதால் வந்தது, கண்ணால் வரவில்லை. விடியுமுன் தப்பு முழங்கும். சில தோட்டங்களில் கொம்பு ஊதும். பின்னாளில் தொழிற்சாலைச் சங்கு அலறும். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு ஓடி வருகின்ற பெண் அங்கே பெயர் வாசித்து முடியுமுன் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. வேலை குறைந்தது என்று கணக்கப்பிள்ளை கருதினால் அரைப்பேர். எந்த மணிக்கூட்டின்படி பிந்தினாள்? கந்தோர்ச் சுவரில் தொங்கிய மணிக்கூட்டின்படி. அது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் மற்றொன்று இல்லை. சாவி தளர்ந்து மெல்ல நடக்கின்ற மணிக்கூடு, வேலை விடும் வேளையையும் மெல்லப் பின்னே தள்ளும். அந்தப் பத்து நிமிடமும் கொழுந்தாகித் தராசில் ஏறிற்று, ஏட்டில் ஏறவில்லை. எட்டு நாள் மணிக்கூட்டுக்கு ஏழாம் நாளில் சாவி கொடுக்கப்பட்டதா, எட்டாம் நாள் மாலை வரை விடப்பட்டதா என்பது கந்தோரில் இருந்தவருக்கு மறதி. மலையில் நின்றவருக்கு உழைப்பு.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாகான் நேரம்' என்று இந்திய நேரத்தை விட ஒரு மணி முந்திய நேரம் வெளிப்படையாகவே வழங்கிற்று. அங்கே சூரியன் முன்னதாக எழுவது அதற்கு நியாயம். அந்நேரத்தை வகுத்தவர் யார் என்பதும் மறக்கத்தக்கதன்று. நம் மலைச்சரிவில் கொழுந்தெடுத்தவர்களுக்குத் தோட்டத்துக்கு வெளியே இருந்த ஒரே சாட்சி புகையிரதம். காலை வண்டி இரைந்தால் இன்ன வேளை, மாலை வண்டி கூவினால் இன்ன வேளை என்று கணக்கு. வண்டி பிந்தி வருகின்ற நாளில் அச்சாட்சியும் பிறழும் என்பதை மலையகப் பயணிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

லயத்து மனிதரின் கைக்கும் மணிக்கூடு வந்தபோது அது பெரும்பாலும் கையால் சாவி கொடுக்கும் எளிய வகையே. அக்கரையில், 1961ஆம் ஆண்டு பெங்களூரில் ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. தொழிற்சாலை மணிக்கூடு செய்யத் தொடங்கிற்று. அதன் 'ஜனதா' என்ற மாதிரியின் பெயரே அது யாருக்கென்று சொல்லும். அந்நிறுவனத்தின் மணிக்கூட்டுத் தொழிலை மூடிவிட 2016இல் இந்திய அரசு முடிவு செய்தது. ஆயினும் அந்த மணிக்கூடுகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்று இன்றும் ஓடுகின்றன. கையில் மணிக்கூடு கட்டியவன் பிரட்டுக்களத்தில் நின்றுகொண்டு கந்தோர் மணிக்கூட்டை ஒரு பார்வை, தன் மணிக்கட்டை ஒரு பார்வை பார்ப்பதற்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பார்வைக்கு அவன் தன் மணிக்கூட்டை நம்ப வேண்டும். நம்புவதற்கு, அன்று காலை அதற்குச் சாவி கொடுத்திருக்க வேண்டும்.

குரோனோகிராப்பின் பெருமை பேசுவோர் தவறாது சொல்வது அப்பல்லோ 13இன் கதை. ஒமேகா நிறுவனத்தின் ஸ்பீட்மாஸ்டரை 1965ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஏற்றது. அது கையால் சாவி கொடுக்கும் வகை. 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒட்சிசன் கலம் வெடித்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டு மூவர் திரும்பிவந்தபோது, பாதையைத் திருத்த 14 வினாடி இயந்திரத்தை இயக்க வேண்டியிருந்தது. அந்த 14 வினாடியை ஜாக் சுவைகர்ட் தம் மணிக்கூட்டில் பார்த்துச் சொன்னார். விண்கலத்தின் மின் இருப்பு தீர்ந்துகொண்டிருந்த வேளையில், விரல்களால் முறுக்கிய வில்லின் இருப்பு உதவிற்று. அதே மாதிரியின் இன்றைய இயந்திரத்துக்கு விசையிருப்பு 50 மணி நேரம்.

நம் குளிருக்கு ஏற்ற சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். நானுஓயாவிலும் நுவரெலியாவிலும் தை மாதத்து விடியலில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு. இரவில் கழற்றி யன்னலோரம் வைத்த கடிகாரத்தின் எண்ணெய் குளிரில் தடிக்கும். பழைய எண்ணெயாயின் இன்னும் தடிக்கும். அப்போது அதே வில், அதே முறுக்கு, ஆனால் வீச்சுக் குறைவு. 'நாற்பத்தெட்டு மணி நேரம் ஓட வேண்டியது முப்பதில் நின்றுவிடுகின்றது' என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால், அவர் வில்லைக் குறைகூறுமுன் கேட்கின்ற கேள்வி, 'கடைசியாகக் கழுவி எண்ணெய் போட்டது எப்போது, ஐயா?' என்பதாகவே இருக்கும். ஈரம் மிகுந்த இவ்வூர்களில் பழைய நீல எஃகு வில் துருப்பிடித்து ஒடிவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த கலப்புலோக வில்கள் அக்கவலையைப் பெரிதும் நீக்கின. அளவுக்கு மீறிச் சாவி கொடுத்ததால் மணிக்கூடு நின்றுவிட்டது என்று பலர் சொல்வர். நல்ல நிலையிலுள்ள மணிக்கூடு அப்படி நிற்பதில்லை. முழுச் சாவியோடு நின்ற மணிக்கூட்டுக்குள் பெரும்பாலும் அழுக்கே இருக்கும். சாவி கொடுக்கும்போது கையிலிருந்து கழற்றிக்கொள்வது நல்லது; கட்டியபடியே திருகினால் திருகின் அச்சு பக்கவாட்டில் வளையும். விரலுக்குத் தடை தெரியும்வரை திருகி, தடை தெரிந்ததும் விட்டுவிட வேண்டும்.

ஆசிரியர்கள் விரும்பினால் வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு குரோனோகிராப்புக்குக் காலை ஏழு மணிக்கு முழுச் சாவி கொடுத்து, கைத்தொலைபேசி காட்டும் நேரத்தோடு வினாடி பிசகாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை வினாடி முந்தியது, பிந்தியது என்று மாணவர் முறைவைத்துக் குறிக்கட்டும். இரவில் குறிப்பதற்கு விடுதி மாணவர் உதவுவர். நிற்கும் வேளையையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுவாரம், அதே மணிக்கூட்டை அதே மேசையில் அதே பக்கமாகக் கிடத்தி, இம்முறை நடுமுள்ளை ஓடவிட்டபடியே அதே சோதனையைச் செய்யுங்கள். இரு வாரக் குறிப்பையும் ஒரே வரைபடத் தாளில் இரு நிறத்தில் வரைந்தால், முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் கோடுகள் ஏறக்குறைய நேராகச் செல்வதையும், அதன்பின் எங்கே வளையத் தொடங்குகின்றன என்பதையும், ஓடும் முள்ளின் கோடு எவ்வளவு முன்னதாக முடிந்துவிடுகின்றது என்பதையும் காணலாம். சோதனை முடிந்து மணிக்கூட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுக்குமுன், நடுமுள்ளை நிறுத்திப் பன்னிரண்டுக்கு அனுப்பிவிடுங்கள். சாவியும் கொடுத்துவிடுங்கள்.